புள்ளியைச் சுடுறதுக்கு முதல்: எஃப்-14 ஐ சிமுலேற்றரில பறக்கிறது பற்றி

எஃப்-14 டொம்கட் எண்டா எங்களில கனபேருக்கு அது டொம் குரூஸின்ர விமானம். கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள், சூரியன் மறையிற நேரம் கப்பல் தட்டில இருந்து எழும்புற நிழல். 1986 இல் வந்த 'டொப் கன்' அந்த விமானத்துக்குச் செய்த விளம்பரத்தை அதைக் கட்டின கிரமன் கொம்பனி காசு குடுத்தும் செய்திருக்க ஏலாது. 2022 இல வந்த இரண்டாவது படமும் கடைசியில பழைய எஃப்-14 ஒண்டைத்தான் கொண்டுவந்து நிறுத்தி விசில் வாங்கினது.

என்ர அபிப்பிராயம், இந்த விமானத்தைத் தெரிஞ்சுகொள்ளச் சரியான இடம் சினிமா இல்லை, சிமுலேற்றர். டி.சி.எஸ். எண்ட சிமுலேற்றருக்கு ஹீற்பிளர் எண்ட குழு 2019 மார்ச்சில வெளியிட்ட எஃப்-14 ஐத்தான் சொல்லுறன். பல மாசமா அதில பறந்துகொண்டு இருக்கிறன். சினிமா ஒளிச்சுவைச்ச எல்லாத்தையும் அது காட்டுது. அதேநேரம் ஒரு விசயத்தை அதுவும் ஒளிக்குது. அந்த ஒண்டைப் பற்றி எங்களுக்குள்ள கதைக்க வேணும் எண்டுதான் இதை எழுதுறன்.

முதல்ல விமானம். 1970 டிசம்பர் 21 ஆம் திகதி முதல்தரம் பறந்தது. ஒன்பது நாள் கழிச்சு, இரண்டாவது பறப்பிலயே, ஹைட்ரோலிக் பழுதாகி அந்த முதல் விமானம் விழுந்து நொறுங்கினது. இரண்டு பைலற்மாரும் குதிச்சுத் தப்பிட்டினம். 1974 இல கடற்படையில சேவைக்கு வந்தது, 2006 செப்டெம்பரில அமெரிக்கா ஓய்வு குடுத்தது. மொத்தம் 712 கட்டினவை. எதுக்குக் கட்டினவை? தூரத்தில இருந்து கப்பலுக்கு ஏவுகணை அடிக்க வாற சோவியத் குண்டுவீச்சு விமானங்களை, அவை அடிக்கிற தூரத்துக்கு வர முதலே மறிக்கிறதுக்கு. படத்தில வாற மாதிரி வாலுக்குப் பின்னால வால் பிடிச்சுச் சுத்துறது அதின்ர முதல் வேலையே இல்லை.

அதின்ர செட்டை அசையும். மெதுவாப் பறக்கேக்க 20 பாகையில விரிஞ்சு நிக்கும், வேகம் கூடக்கூட 68 பாகை வரைக்கும் பின்னால மடியும். பைலற் ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒரு சின்னக் கொம்பியூட்டர் தானாப் பாத்துக்கொள்ளும். அந்தக் கொம்பியூட்டருக்குள்ள இருந்த சிப்புகளை ரே ஹோல்ட், ஸ்ரீவ் கெலர் எண்ட பொறியியலாளர்மாரின்ர குழு 1970 இலயே முடிச்சிட்டுது. இன்ரெல் 4004 வந்தது 1971 இல. ஆனா கடற்படை 1998 வரை அதை இரகசியமா வைச்சிருந்ததால, உலகின்ர முதல் மைக்ரோபுரொசசர் எது எண்ட சண்டையில ஹோல்ட்டின்ர பேர் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. ஐ.ரி. படிக்கிற ஆக்கள் இதை ஒருக்காத் தேடி வாசியுங்கோ.

சிமுலேற்றரில ஏறி இருந்த உடனே விளங்கிற விசயம், இது ஒரு ஆளின்ர விமானம் இல்லை. முன்னால பைலற், பின்னால ராடர் அதிகாரி. பின்னால இருக்கிறவருக்கு விமானத்தை ஓட்டுற தடியே கிடையாது, அவரால அதை ஒரு பாகைகூடத் திருப்ப ஏலாது. முன்னால இருக்கிறவருக்கோ, கிட்டத்தில சண்டை பிடிக்கிறதுக்கான ஒரு சில பொத்தானைத் தவிர, ராடரில கை வைக்க ஏலாது. ஒருத்தருக்குக் கை, மற்றவருக்குக் கண். படத்தில 'மேவரிக்' தனிச் சிங்கம் மாதிரித் திரியிறதும், பின்னால இருக்கிற 'கூஸ்' பகிடி விடுறதும் எவ்வளவு பொய் எண்டு பத்து நிமிசத்தில தெரிஞ்சிடும்.

தனிய விளையாடினா பின் சீற்றில 'ஜெஸ்ரர்' எண்ட ஏ.ஐ. வந்து இருப்பார். நல்ல மனுசன்தான், அலட்டலும் இருக்கு. ஆனா உண்மையான சுகம் இன்ரநெற்றில இன்னொரு ஆளோட பறக்கிறது. எனக்குப் பின்னால இருக்கிறது கனடாவில இருக்கிற மச்சான். அவருக்கு இரவு பதினொண்டு எண்டா எனக்கு அடுத்த நாள் விடிஞ்சிடும். "மச்சான், ஒண்டு தெரியுது, அறுவது மைல், கொஞ்சம் இடது பக்கம்" எண்டு அவர் சொல்ல, நான் திருப்ப வேணும். அவர் சொல்லாட்டி நான் குருடு. கலியாண வீட்டில சந்திச்சா "எப்பிடிச் சுகம்" எண்டதுக்கு மேல எங்களுக்குக் கதை வராது. இதில இரண்டு மணித்தியாலம் ஓயாமல் கதைப்பம்.

இரண்டாவது, எஞ்சின். எஃப்-14 இன்ர முதல் வகையான 'ஏ' இல ரி.எஃப்.30 எண்ட எஞ்சின் இருந்தது. வேற விமானத்துக்காகச் செய்யப்பட்ட எஞ்சினைக் கொஞ்ச நாளைக்குத்தான் எண்டு சொல்லிப் போட்டவை. அந்தக் கொஞ்ச நாள் பல வருசமாப் போச்சு. காத்து நேராப் போகாட்டி அந்த எஞ்சினுக்கு மூச்சு முட்டும், 'கொம்பிரசர் ஸ்ரோல்' எண்டு சொல்லுவினம். இரண்டு எஞ்சினுக்கும் இடையில கிட்டத்தட்ட 9 அடி இடைவெளி. ஒண்டு நிண்டு மற்றது முழு வேகத்தில தள்ளினா விமானம் தட்டு மாதிரிச் சுத்தத் தொடங்கும். கூஸ் சாகிற காட்சி அதுதான். அந்தச் சுழற்சிக் காட்சிகளைப் படம் பிடிக்கப் போன ஆர்ட் ஸ்கோல் எண்ட சாகச விமானி 1985 செப்டெம்பரில கடலுக்குள்ள விழுந்து செத்துப்போனார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

அமெரிக்கக் கடற்படைச் செயலாளரா இருந்த ஜோன் லேமனே இந்த எஞ்சினும் இந்த உடம்பும் பொருந்தாத சோடி எண்டு 1984 இல காங்கிரசுக்குச் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் 'பி', 'டி' வகைகளுக்கு நல்ல எஞ்சின் வந்தது. கன 'ஏ' விமானங்கள் பழைய எஞ்சினோடயே கடைசிவரை பறந்தது.

காரா ஹல்ற்கிறீனின்ர கதை இங்கதான் வருது. அமெரிக்கக் கடற்படையில விமானந்தாங்கிக் கப்பலில இருந்து போர் விமானம் ஓட்டத் தகுதி பெற்ற முதல் பெண். 1994 ஒக்ரோபர் 25 ஆம் திகதி, 'ஏபிரகாம் லிங்கன்' கப்பலில இறங்க வரேக்க ஓடுபாதையின்ர நடுக்கோட்டைத் தாண்டிப் போயிட்டா. அதைத் திருத்தச் சுக்கானை அழுத்த, மூக்குத் திரும்பி, இடப்பக்க எஞ்சினுக்குக் காத்து முறிஞ்சு ஸ்ரோல் ஆகினது. விமானம் சரிஞ்சது. பின்னால இருந்தவர் இழுத்த கைபிடி இரண்டு பேரையும் வெளியில எறிஞ்சது. முதல் போனவர் தப்பினார். அரை செக்கனும் இல்லை, அதுக்குள்ள விமானம் இன்னும் கவிழ்ந்ததால காரா கடலை நோக்கி எறியப்பட்டா. வயசு 29. அதுக்குப் பிறகு "பொம்பிளையளை விட்டா இப்பிடித்தான்" எண்ட கதை பேர் போடாமல் பரப்பப்பட்டது. இதே எஞ்சினாலை எத்தனையோ ஆம்பிளைப் பைலற்மார் விமானத்தை இழந்த நேரம் ஒருத்தரும் "ஆம்பிளையளை விட்டா" எண்டு கதைக்கேல்ல.

அதாலதான் புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, 'பி' யை விடுங்கோ, 'ஏ' யைப் பறந்து பாருங்கோ. இறங்க வாற நேரம் கொஞ்சம் வேகம் குறைஞ்சு, கொஞ்சம் சுக்கான் கூடிப்போனா என்ன நடக்கும் எண்டு உங்கட கைக்குத் தெரியும். அந்தக் கதையைப் பரப்பின ஆக்களுக்கு என்ன பதில் சொல்லலாம் எண்டும் தெரியும்.

இறங்கிறதைப் பற்றிச் சொல்லாமல் போனா பாவம். கப்பலின்ர இறங்குதளம் கப்பலுக்கு நேரா இல்லை, ஒரு 9 பாகை சரிவா இருக்கும். கப்பல் முன்னால போய்க்கொண்டே இருக்கிறதால, நீங்கள் நேரா வாறன் எண்டு நினைச்சுக்கொண்டு வரேக்க ஓடுபாதை வலப்பக்கமா நழுவிக்கொண்டே போகும். தட்டின்ர இடப்பக்கத்தில ஒரு வெளிச்சம் இருக்கு, அது பச்சைக் கோட்டுக்கு மேல நிண்டா நீங்கள் உயரம், கீழ நிண்டா பதிவு, சிவப்பாத் தெரிஞ்சா கெதியா முடிவெடுங்கோ. கண்ணுக்கு முன்னால இன்னொரு சின்ன விளக்கு, மஞ்சள் வட்டம் எரிஞ்சா மூக்கின்ர கோணம் சரி. இரண்டையும் பாக்க வேணும், நடுக்கோட்டையும் பாக்க வேணும், எஞ்சினையும் கூட்டிக் குறைச்சுக்கொண்டே இருக்க வேணும். இந்த எஞ்சின் நீங்கள் கேட்டதை உடன தராது, கொஞ்சம் யோசிச்சுத்தான் தரும். உதவிக்கு ஒரு வசதி இருக்கு: தடியில இருக்கிற சின்னச் சில்லை உருட்டினா செட்டைக்கு மேல இருக்கிற பலகையள் எழும்பித் தாழும், மூக்கை அசைக்காமல் விமானம் மட்டும் ஏறி இறங்கும். அது கைக்குப் பழகின நாள்தான் நீங்கள் டொம்கட் ஓடப் பழகின நாள்.

சில்லு தட்டில பட்ட உடன எல்லாரும் எஞ்சினைக் குறைக்கத்தான் நினைப்பினம். செய்யக் கூடாது. முழு வேகம் போட வேணும். கொக்கி கம்பியில மாட்டினா எப்பிடியும் நிப்பாட்டும், மாட்டாட்டித் திரும்ப எழும்ப அந்த வேகம் வேணும். இறங்கிறதுக்கு முழு வேகம் போடுற ஒரே தொழில் இதுதான் எண்டு நினைக்கிறன்.

இவ்வளவும் சிமுலேற்றர் நேர்மையாச் சொல்லித்தருது. இனி அது ஒளிக்கிற விசயத்துக்கு வாறன்.

எஃப்-14 இன்ர பெரிய ஆயுதம் ஃபீனிக்ஸ் ஏவுகணை. ஒண்டு 450 கிலோ அளவு நிறை, 150 கிலோமீற்றருக்கு அங்கால போகும். ராடர் ஒரே நேரத்தில 24 இலக்குகளைப் பின்தொடரும், ஆறுக்கு ஏவுகணை விடலாம். கேக்க நல்லா இருக்கு. ஆனா அமெரிக்கக் கடற்படை அதைச் சண்டையில விட்டது 1999 இல மட்டும்தான், ஈராக்குக்கு மேல. ஒண்டும் படேல்ல. அமெரிக்க எஃப்-14 கள் 32 வருசத்தில வானத்தில விழுத்தினது மொத்தம் ஐஞ்சு: நாலு லிபிய ஜெட், ஒரு ஈராக்கிய ஹெலிகொப்டர். உண்மையில இந்த விமானத்தை வைச்சு வருசக்கணக்காச் சண்டை பிடிச்சது ஈரான். ஷா காலத்தில வாங்கின 79 விமானங்களை வைச்சு, 1980 களில ஈராக்கோட. அந்தப் பைலற்மாருக்கு ஹொலிவூட் படம் இல்லை.

ஃபீனிக்ஸ் ஏன் இவ்வளவு குறைவாப் பாவிக்கப்பட்டது? ராடரில தெரியிறது ஒரு புள்ளி. அது ஆர் எண்டு புள்ளி சொல்லாது. "நீ ஆர்" எண்டு ராடியோவால கேட்டா எங்கட ஆக்களின்ர விமானம் தானாப் பதில் அனுப்பும். பதில் வராட்டி அது எதிரி எண்டு அர்த்தமில்லை. பதில் வரேல்ல எண்டு மட்டும்தான் அர்த்தம். அதுக்காகத்தான் டொம்கட்டின்ர மூக்குக்குக் கீழ ஒரு தொலைக்கமராவே பிறகு பூட்டினவை, சுட முதல் கண்ணால பாக்கிறதுக்கு. 150 கிலோமீற்றர் போற ஏவுகணையை வைச்சுக்கொண்டு, கமராவில வடிவு தெரியும் வரைக்கும் காத்திருக்கிற விமானம்.

1988 ஜூலை 3 ஆம் திகதி பாரசீக வளைகுடாவில 'வின்சென்ஸ்' எண்ட அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு புள்ளியைப் பாத்தது. பந்தர் அப்பாஸ் விமான நிலையத்தில இருந்து எழும்பின புள்ளி. அங்க ஈரானின்ர எஃப்-14 களும் நிண்டது. கப்பலில இருந்தவை அதை எஃப்-14 எண்டு முடிவு கட்டிச்சினம், தாழ்ந்து தாக்க வருது எண்டிச்சினம். கப்பலின்ர கொம்பியூட்டரிலயே அது உயர்ந்துகொண்டு போறதாத்தான் பதிவாகி இருந்தது. எழும்பி ஏழு நிமிசத்தில சுட்டு விழுத்திச்சினம். அது டுபாய்க்குப் போன ஈரான் எயார் 655, பயணிகள் விமானம். 290 பேர். அதில 66 பேர் பிள்ளையள். 1996 இல அமெரிக்கா 61.8 மில்லியன் டொலர் இழப்பீடு குடுக்க ஒத்துக்கொண்டது, பிழை எண்டு ஒத்துக்கொள்ளேல்ல. அந்தக் கப்பலின்ர கப்டனுக்குப் பிறகு பதக்கம் கிடைச்சது.

டி.சி.எஸ். இல பாரசீக வளைகுடா வரைபடம் இருக்கு. பந்தர் அப்பாஸ் ஓடுபாதை இருக்கு, டுபாய் இருக்கு. கடலின்ர நிறம்கூட வடிவா இருக்கு. நான் ஒன்லைனில விளையாடின மிஷன் ஒண்டிலயும் பயணிகள் விமானம் இருந்ததில்லை. தெரியிற புள்ளி எல்லாம் சுடலாம். எஞ்சினின்ர மூச்சு முட்டலை இவ்வளவு நுணுக்கமாச் செய்த சிமுலேற்றரில, அந்த வேலையின்ர ஆகக் கஷ்டமான பகுதியை, "இது ஆர்" எண்ட கேள்வியை, மிஷன் எழுதிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து கழட்டி வைச்சிட்டம்.

எங்கட வீட்டில ஒரு சட்டம் இருக்கு. ஹெட்போன் இல்லாமல் ஆஃப்ரர்பேர்னர் போடக் கூடாது. அம்மா போட்ட சட்டம். காரணம் அவ சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. 1996 இல இலங்கை விமானப்படை வாங்கின கிபிரின்ர பேர் எங்கட ஊரில ஒரு விமானத்தின்ர பேரா நிக்கேல்ல, அது ஒரு சத்தத்தின்ர பேரா மாறினது. அந்தத் தலைமுறைக்கு ஜெட் எண்டா கீழ இருந்து கேட்ட ஒண்டு. எனக்கு அது ஸ்பீக்கரில வாற ஒண்டு. ஒரே வீட்டுக்குள்ள இரண்டும் இருக்கு.

இதை வைச்சு "அப்ப ஏன் விளையாடுறாய்" எண்டு கேக்கிற நண்பர்கள் இருக்கினம். அமெரிக்க இராணுவத்துக்கு ஓசியில விளம்பரம் செய்யிறம் எண்டும் சொல்லுவினம். டொப் கன்னுக்கு அந்த வாதம் முழுசாப் பொருந்தும், கடற்படையே கப்பலும் விமானமும் குடுத்து உதவின படம் அது. சிமுலேற்றருக்கு அரைவாசிதான் பொருந்தும். மேல இருக்கிறவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எவ்வளவு நேரம் இருக்கு எண்டு எனக்குக் காட்டித்தந்தது இதுதான். 1995 இல பொஸ்னியாவில தொடங்கி, பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் எண்டு டொம்கட்டும் குண்டு போட்டது. அந்தக் குண்டுக்கு வழிகாட்டிற கமரா டி.சி.எஸ். இலயும் இருக்கு, பின் சீற்றில இருக்கிறவர்தான் பாக்க வேணும். சின்னத் திரை, வெள்ளையும் கறுப்பும். வீடு ஒரு சதுரம். மச்சான் அதை முதல்தரம் பாத்த இரவு, "இவ்வளவுதான் தெரியுமோ" எண்டு மட்டும் கேட்டார். "அவைக்குத் தெரியும்தானே" எண்டு ஆரும் இனி என்னட்ட சொன்னா, எவ்வளவு தெரியும் எண்டு என்னால விபரமாச் சொல்ல ஏலும். தெரியாது எண்டது மன்னிப்பு இல்லை. தெரியாட்டி ஏன் போட்டது எண்டதுதான் அடுத்த கேள்வி.

"கேம்தானே, விடு" எண்டு சொல்லுறவையிட்ட எனக்குக் கோவம் கூட. ஒரு பொத்தான் பிழையான இடத்தில இருந்தா நாலு பக்கத்துக்கு முறைப்பாடு எழுதிற ஆக்கள் அவை. பொத்தான் உண்மையா இருக்க வேணும், புள்ளி மட்டும் கேமா இருக்கலாமோ?

அதால நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மிஷன் செய்தம். டி.சி.எஸ். இல மிஷன் எடிற்றர் கூடவே வருது, யாக்-40 எண்ட சின்னப் பயணிகள் விமானமும் இருக்கு. பந்தர் அப்பாஸ் பக்கம் ஆறு புள்ளி எழும்பும். ஐஞ்சு போர் விமானம், ஒண்டு யாக்-40. எது எண்டு ஒவ்வொரு முறையும் மாறும். ஏழு நிமிசம். காத்திருந்தா உங்கட கப்பலுக்கு ஏவுகணை வரலாம். முதல் இரண்டு முறையும் கமராவால பாக்கிறதுக்குக் கிட்டப் போய், போர் விமானம் எங்களைச் சுட்டு விழுத்தினது. மூண்டாவது முறை எங்கட ஆள் ஒருத்தர் தூரத்தில இருந்தே சுட்டார். பட்டது. பட்ட பிறகுதான் திரையில பேர் வந்தது. கனநேரம் ஒருத்தரும் மைக்கில கதைக்கேல்ல. பிறகு மச்சான் "திரும்பப் போடுவம்" எண்டார்.

ஆர்வம் இருக்கிற ஆக்களுக்கு: டி.சி.எஸ். தரவிறக்கம் இலவசம், எஃப்-14 80 டொலர் அளவில, எங்கட காசில இருபதாயிரத்துக்கு மேல. வாங்க முதல் இரண்டு கிழமை இலவசமாப் பறந்து பாக்கலாம், கழிவு விலையும் அடிக்கடி வரும். ஓரளவு நல்ல கொம்பியூட்டரும், பெரிய ஹார்ட் டிஸ்கும், பழைய ஜொய்ஸ்ரிக் ஒண்டும் வேணும். கரண்ட் நிக்கிற ஊர் எண்டா யு.பி.எஸ். ஐ மறக்காதையுங்கோ, தட்டுக்கு நூறு மீற்றர் இருக்கேக்க கரண்ட் போறதுக்கு எந்தக் கொக்கியும் உதவாது.

மிஷன் ஃபைல் வேணுமெண்டா கேளுங்கோ, அனுப்பிவிடுறன். ஒரே ஒரு கொண்டிஷன்: யாக்-40 எங்க நிக்குது எண்டு எடிற்றரில திறந்து பாக்கக் கூடாது.